பெட்டிக்கு வைத்த பொட்டு

நீங்கள் இருவரும் பிறக்கும் முன்பு நான் பம்மலில் ஒரு கேபிள் ஆபீசில் வேலை பார்த்தேன். அப்போதுதான் எச்.டி. பெட்டிகள் வந்திறங்கின. புள்ளி புள்ளியாகத் தெரிந்த படம் இனிமேல் கண்ணாடி போலத் தெரியும் என்றார்கள். ஒவ்வொரு பெட்டியையும் கடை டிவியில் மாட்டி, கார்டு செருகி, எல்லா சேனலும் வருகிறதா என்று பார்த்து எடுத்து வைப்பது என் வேலை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எங்கள் கேபிளில் இருந்தது. அங்கே எல்லோரும் மொட்டை மாடியில் டிஷ் வைத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனால் எங்கள் முதலாளிக்குப் பாதித் தொழில் போன மாதிரி. அதனால் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வீட்டில் புதுப் பெட்டியைப் போட்டுக் காட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சோபா நிறைய ஆட்கள். பெட்டியை மாட்டினேன். ஏதோ விளம்பர சேனல் வந்தது, அதோடு நின்றுவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் அசையவில்லை. பேட்டரி மாற்றினேன். ரிமோட்டையே மாற்றினேன். செயலாளர் வாட்சைப் பார்த்தார்.

“கடைல நல்லா ஓடிச்சேபா, இங்க வந்து இன்னா பேஜார் பண்ணுது?” என்று முதலாளி என் காதில் கேட்டார்.

காப்பி கொண்டுவந்த செயலாளரின் மனைவி குனிந்து பெட்டியைப் பார்த்தார். “பொட்டை நெத்தியிலதானே வெப்பாங்க? நீங்க கண்ணுல வெச்சிருக்கீங்களே” என்றார்.

அப்போதுதான் விளங்கியது. முதல் பெட்டி வெளியே போகிறதே என்று முதலாளியம்மா காலையில் கற்பூரம் காட்டி, நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பியிருந்தார். ரிமோட்டின் கதிர் நுழையும் கறுப்புக் கண்ணாடியும் அங்கேதான் இருக்கிறது. நான் கைக்குட்டையை எடுத்தேன். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் யாராவது பொட்டை அழிப்பார்களா? கடைசியில் செயலாளரின் மனைவியே ஈர விரலால் சந்தனத்தை வழித்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டார். அழித்ததாகவும் இல்லை.

அடுத்த அழுத்தலில் கிரிக்கெட் வந்தது. மைதானத்துப் புல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. செய்திக்கு மாற்றினேன். வாசிக்கிறவரின் காதோரம் பவுடர் திட்டாக நின்றதைப் பார்த்து அறையே சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்காமல் மறுபடி கிரிக்கெட்டை வைக்கச் சொன்னார். ஓவர் முடிகிறவரை முன்னால் குனிந்து பார்த்தார்.

பிறகு, “டிஷ்காரரை வரவேணாம்னு நானே சொல்லிடறேன். மத்த வீட்டுக்கெல்லாம் எப்ப மாட்டுவீங்க?” என்றார்.

“நாளைக்கே சார்” என்றார் முதலாளி.

கடையில் பாதிப் பெட்டிகளை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. காப்பியைக் குடித்து முடித்தேன்.