யாளியின் பிடரி

என் மேசையில் ஒரு யாழ் இருக்கிறது. பலாமரத்தில் வளைந்த கழுத்து, அதன் நுனியில் வாய் பிளந்த யாளித் தலை, ஏழு கம்பிகள். யாளியின் பிடரி மயிரைச் சுருள் சுருளாகச் செதுக்கியவன் நான்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து மெச்சத் தொடங்கினால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

அது அக்காவுடையது. ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த ஆலையில் எல்லோருக்குமே அவர் அக்காதான். அளவுச் சோதனைப் பிரிவில் எனக்கு அடுத்த மேசை. பர்கூர்க்காரர், சின்ன வயதில் வீணை கற்றவர். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப், நாள் முழுக்க இடி. காது மந்தமாகிறதோ என்று அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. "காது போயிடுச்சுன்னு டாக்டரு சொல்லிட்டா என்ன பண்றது?" என்பார். டாக்டரிடம் போவதற்குப் பதில் யாழ் செய்யக் கிளம்பினார். வீணையின் தண்டில் பித்தளை மெட்டுகள் பதித்திருக்கும், விரல் வைத்த இடத்தில் சுரம் வந்துவிடும். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு கம்பி. நீளமானது தாழ்ந்து ஒலிக்கும், குட்டையானது உயர்ந்து ஒலிக்கும், முறுக்கிச் சேர்ப்பது முழுக்கக் காதின் பொறுப்பு. "இத சுருதி சேத்துட்டேன்னா என் காது நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றார். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கு முன்னால் வாசிப்பதாகவும் எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

கம்பிகளின் நீளத்தைக் கணக்கிட்டு வரைபடம் போட்டது அவர். மரவேலை என்னுடையது. மத்திகிரியில் என் வாடகை வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் செதுக்கினேன். கழுத்தின் கனம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று அக்கா எழுதியிருந்தார். பிடரி இன்னும் ஆழமாக விழுந்தால் எடுப்பாக இருக்குமே என்று உளியை இறக்கினேன். இருபத்தெட்டு ஆகிவிட்டது. ஆலையில் நூலிழை குறைந்தாலே ரிஜெக்ட் என்று சிவப்புச் சாயம் பூசுகிறவன் நான். வேலியே பயிரை மேய்ந்த கதையாக, என் கைவேலையை நானே ஓகே செய்து, விளையாட்டுப் போலப் பச்சைச் சீட்டும் ஒட்டிக் கொடுத்தேன். பச்சைச் சீட்டு ஒட்டிய பொருளை எங்கள் ஆலையில் யாரும் மறுபடி அளப்பதில்லை. அக்காவும் அளக்கவில்லை.

ஆயுத பூஜையன்று பிரஸ் ஓடவில்லை. மெஷின்களுக்குச் சந்தனப் பொட்டும் பூமாலையும் இட்டிருந்தோம். அக்கா முதல் கம்பியிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்தார். ஏழாவதை முறுக்கி முடிக்கும்போது முதல் கம்பியின் சுருதி இறங்கியிருந்தது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதேதான். குடும்பத்தோடு வந்தவர்கள் பொரி கடலையைக் கொறித்தபடி காத்திருந்தார்கள்.

"ஒன்ன ஏத்துனா இன்னொன்னு எறங்குது தம்பி. இல்ல, எனக்குத்தான் அப்பிடிக் கேக்குதா?"

மெலிந்த கழுத்து கம்பிகளின் இழுப்புக்கு வளைகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். "எனக்கு சங்கீதமெல்லாம் என்னக்கா தெரியும்" என்றேன்.

அக்கா யாழின் மேல் துணியைப் போர்த்தினார். "நீயே வச்சுக்க. எனக்குக் காது போயிடுச்சு." அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் பர்கூருக்குப் போனார். நான் கோழை. வேறு சொல் இல்லை.

பத்து வருடமாக அந்த யாழ் என்னைச் சும்மா உட்காரவிட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏழாவது கம்பியை முறுக்கிவிட்டு முதல் கம்பியைத் தட்டினேன். அதே இடியில் தேய்ந்த என் காதுக்கே அது இறங்கியது தெரிந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மூன்று தடவை போனில் அக்காவின் நம்பரை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன். நாலாவது தடவை அக்கா எடுத்தார்.

"உங்க காதுல கொறையே இல்லக்கா. கழுத்துலதான் நாலு மில்லி கொற. நாந்தான் செதுக்கிட்டேன். அன்னைக்கே தெரியும்."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஏழாவது கம்பிய எறக்கு."

இறக்கினேன்.

"இப்ப மொதக் கம்பியத் தட்டு."

போனை யாளியின் வாயருகே வைத்துவிட்டுத் தட்டினேன்.

"ஏறியிருக்குது" என்றார் அக்கா. பிறகு, "பத்து வருசம், தம்பி" என்றார்.