தண்ணீர் குடித்த கிழங்கு

மரவள்ளிக் கிழங்குக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை பொறுமையாக இருக்கும். பிடுங்கிவிட்டால் ஓரிரு நாளில் உள்ளே கருத்துவிடும். இது புரோக்கர்களுக்கும் தெரியும். அதனால்தான் நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்களைப் போன்றவர்கள் விலை பேசுவதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம்.

அந்த வருஷம் ஒரு புது ஜவ்வரிசி மில்லிலிருந்து ஆள் வந்தார். புரோக்கர் வேண்டாம், எடையில் கை வைக்க மாட்டோம், கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறதோ அதற்கு நியாயமான விலை என்றார். அந்த மாவுக் கணக்குக்குப் பெயர் ‘பாயிண்ட்’. பாயிண்ட் குறைந்தால் எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார். அதை யார் காதில் வாங்கினார்கள்! என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கிழங்கு கை கொடுத்தால் அவர் போர்வெல் லாரியில் குழாய்க் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போக வேண்டியதில்லை. முன்னொரு தடவை போய்த் திரும்பியபோது எங்கள் சின்ன மகள் அவரை அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டாள். அவர் அன்றைக்குச் சோறே தின்னவில்லை.

பிடுங்கும் நேரத்தில் மழையில்லாமல் கிழங்கு போட்ட காடு இறுகிக் கிடந்தது. வந்த ஆட்கள் ஒரு செடியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்கள்.

“கெழங்கு பாதில ஒடியுதுங்க. தண்ணி கட்டி உடுங்க, அப்பறம் வாரோம்.”

கிணற்றில் இருந்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் இறைத்துக் கட்டினார். புரோக்கருக்குப் போடும்போது எப்போதும் அப்படித்தான் செய்வோம். பிடுங்கவும் சுலபம், ஈரத்தில் எடையும் நிற்கும். அந்தப் பழக்கம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. தண்ணீர் ஏறினால் மாவு இறங்கும்.

மில்லில் எங்கள் கண் முன்னாலேயே அளந்தார்கள்.

“தண்ணி குடிச்ச கெழங்குங்க. பாயிண்ட் இல்லீங்க, எடுக்க முடியாதுங்க,” என்றார் அதே ஆள், மரியாதையாகவே.

“இன்னொருக்காப் போட்டுப் பாருங்க சாமி,” என்று கெஞ்சினேன். போட்டார். அதேதான் காட்டியது.

பாழாய்ப்போன மனுஷன், ஏமாற்றியாவது இருக்கக் கூடாதா? மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வந்திருப்பேன். கிழங்கு கருப்பதற்குள் பழைய புரோக்கரிடமே லோடைத் தள்ளினோம். அவர் சொன்னதுதான் விலை.

“அவுங்க மேல தப்பில்ல புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அதுதான் ஆறவேயில்லை.

அந்த வாரமே போர்வெல் லாரி வந்தது. பையை மேலே போட்டுவிட்டு ஏறினார்.

“எப்பங்க வருவீங்க?”

“அங்க மழ புடிச்சாத்தான் போர் போடுறது நின்னு வண்டி நிக்கும். அப்ப வாரேன்.”

இங்கே எங்கள் காடு வெடித்துக் கிடக்கிறது. நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய், பெயர்கூடத் தெரியாத அந்த ஊரில் மழை பெய்ய வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு வருகிறேன்.