பர்கண்டிக்கு ஒரு டிரங்க் கால்

சங்கரன்கோவில், ஏப்ரல் வெயில். ஒரு தறிநூல் கடையில் நானும், ஊர் பார்க்க வந்த பியேரும் டிரங்க் காலுக்குக் காத்திருக்கிறோம். புதுச்சேரிக்காரனான நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். அவருக்குப் பிரான்ஸில், பர்கண்டியில் திராட்சைத் தோட்டம். அங்கே இரவு உறைபனி விழுந்ததாகக் காலையில் வானொலியில் கேட்டதிலிருந்து அவர் எதையும் சாப்பிடவில்லை.

"பனிக்குப் போயி இம்புட்டுப் பயப்படுதாரே?" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி.

"இப்பதான் துளிர் விடுற நேரம், அண்ணாச்சி. பனி பட்டா கருகிடும். இந்த வருஷம் ஒயினே கிடையாது."

மணி அடிக்கிறது. பியேர் ரிசீவருக்குள் கத்துகிறார். மறுமுனையில் அவர் மனைவி. வெள்ளை ஒயினுக்கான ஷார்டனே கொடிகள் முந்தித் துளிர்த்ததால் கருகிவிட்டன என்று என்னிடம் திரும்பிச் சொல்கிறார். "பினோ நுவார்?" என்று அவர் கேட்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. சிவப்பு ஒயின் தரும் பினோதான் தோட்டத்தில் பெரும்பகுதி.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார்.

"ஏம்மா, பிரான்சு காலு அந்துபோச்சு, திரும்பப் போடும்மா. வெள்ளை போயிட்டு. செவப்பு இருக்கா இல்லையான்னு தெரியாம மனுசன் தவிச்சு நிக்காரு."

வெகுநேரம் கழித்து மணி அடிக்கிறது. பியேர் எடுக்கப் பயந்து என்னைப் பார்க்கிறார். நான் எடுத்துக் கேட்கிறேன்.

"செவப்பு இருக்கா?" என்கிறார் அண்ணாச்சி.

இருக்கு என்று தலையசைக்கிறேன். பியேர் நூல்மூட்டை மேல் உட்கார்ந்து அழத் தொடங்குகிறார்.