உப்புக் கரித்த ஆப்பிள் கூழ்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆப்பிளை விட்டால் வேறு பழமே தெரியாது. என் நாக்கோரத்தில் வந்த புண் ஆறாமல் கிடந்து, சதைப் பரிசோதனையில் (புண்ணின் துணுக்கை வெட்டிச் சோதிப்பது) புற்று என்று தெரிந்ததிலிருந்து, விழிதியூரில் எங்கள் வீட்டு மேசையில் ஆப்பிள் குவிந்தது. வாயைத் திறக்கவே முடியாதவளுக்குக் கடித்துத் தின்கிற பழம். இந்த அறிவாளிகளை என்ன சொல்வது?

பழத்தோடு அறிவுரை இலவசம். கீழவாஞ்சூர் நிலக்கரித் தூசியால் வந்தது என்றார் ஒருவர். அங்கே துறைமுகத்தில் வேலை பார்ப்பது என் கணவர். தூசி அவருக்கு, புற்று எனக்காம். திருநள்ளாற்றில் எள் தீபம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார் நாத்தனார். அதையும் நானே போய் ஏற்ற வேண்டுமாம். உங்கள் வீட்டுக்கும் இப்படி வருவார்கள். தூங்குவதுபோல் நடியுங்கள், தப்பில்லை.

புதுச்சேரியில் கதிர்வீச்சு (புற்றணுக்களைக் கதிரால் அழிப்பது) முடிந்தபோது கட்டி போயிருந்தது. கூடவே எச்சிலும் ருசியும் போயிருந்தன. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“முழுங்குற தசையை வேலை வாங்கணும்மா. விட்டீங்கன்னா அது மறந்துடும். அப்புறம் வயித்துல ஓட்டை போட்டு நிரந்தரமா குழாய் வைக்க வேண்டியதுதான்.”

அடுத்த பரிசோதனைக்குள் ஒரு கிண்ணமாவது வாயால் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் முயன்று பார்த்தேன். ருசியில்லாத சோறு ஈர மண்ணாக வாயில் கிடந்தது. துப்பிவிட்டேன்.

இதற்குள் ஆப்பிள்கள் சுருங்கத் தொடங்கின. வீணாகிறதே என்ற எரிச்சலில்தான் அடுப்படிக்குப் போனேன், ஆசையில் இல்லை. தோல் சீவி, விதை எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் குழைய வேகவைத்து மத்தால் கடைந்தேன். சர்க்கரை, பட்டைத்தூள், சிட்டிகை உப்பு. பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டுகிற கூழ். மீன் குழம்பு வைத்த கை இதையா கடைய வேண்டும் என்றிருந்தது.

ருசி பார்க்கவா என்று மகள் கவிதா கேட்டாள். சுருக்கென்றது எனக்கு. சாமிக்குப் படைக்கும்வரை வாயில் வைக்காமல்தானே பொங்கல் வைக்கிறோம், என் கைக்கு அளவு தெரியாதா என்று விரட்டிவிட்டேன். அப்பாவும் மகளும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். நல்லா இருக்கு என்றார்கள். மறுநாளும் கூழ், மறுநாளும் அதே பேச்சு. என் பங்குக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டு விழுங்கப் பழகினேன். தொண்டைவரை போய்த் திரும்பி வரும். இருமுவேன், திட்டுவேன், மறுபடி வைப்பேன்.

ஒரு மத்தியானம் நாக்கில் ஏதோ சுரீரென்றது. புண் திரும்பிவிட்டதென்றே நினைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன். புண் இல்லை, உப்பு. சிட்டிகை என்று நினைத்து, குழம்புச் சட்டிக்கு அள்ளுகிற அளவைப் பழக்கத்தில் அள்ளிப் போட்டிருக்கிறது என் கை, தினமும்.

“இதையா நல்லா இருக்குன்னு தின்னீங்க?”

அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே, “நீ எழுந்து சமைச்சதே பெருசுன்னு இருந்துச்சு. எப்படிச் சொல்றது?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிறவள் கிளறியது என்றல்லவா தின்றிருக்கிறார்கள்! அத்தனை உப்பை விழுங்கிய வாய்க்கு அதைச் சொல்ல மட்டும் வக்கில்லை. அந்தக் கோபத்திலும் ருசி தெரிந்துவிட்டதே என்று அழுகை முட்டியது. திட்டிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தேன். கடைசி வாய்வரை உள்ளே இறங்கியது.

அடுத்த பரிசோதனையில் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். எச்சில் முழுதாகத் திரும்பவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. நின்றபடி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். இப்போது எல்லோரும் கை கழுவிய பிறகும் என் தட்டில் பாதிச் சோறு இருக்கிறது. ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குவது தெரிகிறது. அது இறங்கும்வரை காத்திருக்கிறேன்.

போன வாரம் அவர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன இது, உப்பு தூக்கலா இருக்கு” என்று முகம் சுளித்தார். வேண்டுமானால் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் எழுந்து போங்கள் என்றேன். புற்று வந்த பிறகு இந்த வீட்டில் ஒருவர் என்னைக் குறை சொன்னது அன்றுதான்.