மூன்றெழுத்துக் கொப்பி

"வாசிச்சிருவ. ஆனா வெளங்குமா?"

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். மூலையில் உரமூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேலிருந்த ஆங்கிலத்தைச் சத்தமாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தோடு கேட்கவில்லை. போகிற போக்கில் கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

எனக்கு விளங்கவில்லை என்பதுதான் உண்மை. அதனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அகராதி கிடையாது. ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர் மழை பெய்தால் மலையேறி வரமாட்டார். கொடகவெலப் பக்கத்தில் மழை பெய்யாத வாரம் அபூர்வம். ஆகவே கண்ணில் பட்ட ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எந்த ஒழுங்கில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஃபேக்டரி முன்னால் டிராக்டர் நிறுத்தும் இடத்தில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். ஃபேக்டரி, டிராக்டர் என்ற இரண்டு சொற்களும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றபோது, இரண்டின் வயிற்றுக்குள்ளும் ஏ, சி, டி என்ற அதே மூன்று எழுத்துகள் அதே வரிசையில் இருப்பது தெரிந்தது. வீட்டுக்கு ஓடி, ஒரு பக்கத்தின் தலையில் அந்த மூன்று எழுத்துகளை எழுதி, கீழே இரண்டு சொற்களையும் எழுதினேன். பிறகு கான்ட்ராக்டர் வந்தது. பிராக்டிஸ் வந்தது. ஏ, ஆர், டி பக்கத்தில் ஸ்டார்ட்டும் டிபார்ட்மென்ட்டும் குவார்ட்டர்ஸும் சேர்ந்தன. குவார்ட்டர்ஸ் என்றால் எங்களுக்குக் கிளாக்கர் ஐயா குடியிருக்கும் வீடு. நாங்கள் இருப்பது லயம், ஒற்றையறை வீடுகளின் வரிசை. ஏ, ஐ, என் பக்கம்தான் வேகமாக நிறைந்தது. ரெயின், ட்ரெயின், மெயின், பெயின், கம்ப்ளெயின்ட்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதைக் கண்ட இடத்தைத் தமிழில் எழுதுவேன். மெயின், கரண்ட் பெட்டி. பெயின், தைல டப்பா. கம்ப்ளெயின்ட், டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கும் பெட்டி. அர்த்தம் தெரியாத சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பேன். என்றைக்கு அர்த்தம் விளங்குகிறதோ அன்றைக்குப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். கிளாக்கர் ஐயாவின் கேள்விக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த பதில் அந்த வட்டங்கள்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். கடைப் பெட்டியின் அட்டை, கிழிந்த பொலித்தீன் பை என்று எதையாவது மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். "இந்தா, இங்கிலீசு," என்று நீட்டுவார். ஒருமுறை டிஸ்பென்சரி மருந்துப் போத்தலின் லேபலையே உரித்துக்கொண்டு வந்துவிட்டார். எவ்வளவு குடிப்பது என்று தெரியாமல் மறுநாள் திரும்பப் போய் ஏச்சு வாங்கினார். எனக்கு அதில் நான்கு சொற்கள் கிடைத்தன.

கிளாக்கர் மகளுக்கு என் வயதுதான். அவள் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மேல் வகுப்புக்கு நானும் டவுன் பக்கம் போனபோது ஒரே பஸ்ஸில் போவோம், பக்கத்தில் உட்கார்ந்து கதைப்போம். "ஏய், அந்தக் கொப்பியைத் தாயேன், ஒருநாள் பாத்துட்டுத் தர்றேன்," என்று பலமுறை கேட்டிருக்கிறாள். நான் சிரித்துச் சமாளிப்பேன். கொடுத்ததில்லை.

உயர்தரப் பரீட்சை முடித்து, இரத்தினபுரியில் தங்கி ஆறு மாத ஆங்கில வகுப்புக்குப் போனேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. ஒரு சனிக்கிழமை வந்தபோது, வீட்டில் விட்டுப்போயிருந்த என் கொப்பிக்குப் புதிதாக மண்ணிற அட்டை போட்டிருந்தது. மூலைகளை அழகாக மடித்து ஒட்டியிருந்தார்கள்.

"அம்மா, நீங்களா அட்டை போட்டீங்க?"

"ம்," என்றார்.

கொப்பியை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டே சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பு முடிகிற நேரத்தில் அந்த வேலை வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் படிப்பிக்க ஒரு நிறுவனம் ஆள் தேடியது. ஒரே ஒரு இடம். நேர்முகத்துக்கு வருபவர்கள் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற ஏதாவதொன்றைத் தாங்களே செய்து கொண்டுவர வேண்டும். அந்த அறிவித்தலைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எனக்காகவே எழுதியது போல இருந்தது. எட்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பதைத்தானே கேட்கிறார்கள்.

இரத்தினபுரியில் நேர்முகம். என் முறை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் என் கொப்பியை நாலைந்து பக்கம் புரட்டினார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"நங்கி, மேக்க உதே ஆவனே."

தங்கச்சி, இது காலையிலேயே வந்துவிட்டதே என்று சிங்களத்தில் சொன்னார். பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். லேமினேட் செய்து, சுருள்கம்பி போட்ட புத்தகம். ஏ, ஐ, என். ஏ, ஆர், டி. ஏ, சி, டி. என் பக்கங்கள், என் வரிசையில். சொற்களைக் கண்ட இடங்கள் மட்டும் இல்லை. ஆனால் புள்ளிகள் இருந்தன. வட்டங்களும் இருந்தன, சிவப்பு மையில், பூப்போல. எதற்கு என்று தெரியாமல் அலங்காரம் என்று நினைத்து அப்படியே போட்டிருந்தார்கள். எனக்கு அப்போது விளங்காமல் இருந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் வட்டமில்லாத வெறும் புள்ளி, அதுவும் சிவப்பில்.

கொண்டுவந்தது கிளாக்கர் மகள் என்று தெரிந்துகொள்ளப் பெயரைக் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

பார்த்து எழுதுவது தப்பில்லை, ஆனால் சொந்தமாகச் செய்தது என்று கொண்டுவரக் கூடாது என்றார் மேடம். அன்பாகத்தான் சொன்னார். கொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த அட்டைய போட்டது யாரு?"

ரொட்டியைத் திருப்பினார்.

"நீங்கதான் போட்டதுன்னு சொன்னீங்க."

"நா எங்க சொன்னேன். நீ கேட்ட. நா ம்னேன்."

"யாரும்மா?"

"ஐயா வூட்டம்மா கேட்டாங்க. பாப்பா பாத்துட்டுத் தர்றேன்னுச்சாம். ஒரு வாரத்துல குடுத்துட்டாங்க. அட்டையெல்லாம் போட்டுத்தானே குடுத்தாங்க."

இருபத்தொரு வயதிலும் கிளாக்கர் மகள் எங்கள் லயத்துக்குப் பாப்பாதான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"பலாக்கா கேட்டா குடுக்கிறோம். முட்ட கேட்டா குடுக்கிறோம். ஒரு கொப்பிய இல்லேங்க முடியுமா? நாளைக்கு ஒரு துண்டு வேணும்னா யாருகிட்ட போயி நிக்கிறது? ஒன் ஐடென்டிகாடுக்குத் துண்டு எழுதித் தந்தது யாரு?"

எதற்கும் ஆபிஸிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வேண்டும், அதை எழுதுவது கிளாக்கர் ஐயா. அதனால் குவார்ட்டர்ஸில் கேட்டது எதையும் லயத்தில் இல்லையென்று சொல்வதில்லை. மரத்தில் முதலில் விளைகிற பலாக்காய் அவர்கள் வீட்டின் பின்னால் குசினிப் பக்கம் போய்விடும். நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். என் கொப்பியும் அதே வழியில் போயிருக்கிறது. அம்மா முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோயிருப்பார்.

கொடுத்ததைக்கூட என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அந்த "ம்"தான் முடியவில்லை. நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே.

இரண்டு நாள் கழித்து, வேலை கிளாக்கர் மகளுக்கு, அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பம் என்று தெரிந்தது. அவள் வீட்டுக்குப் போனேன். குசினிப் பக்கம் போகவில்லை. முன்வாசல் படியேறிக் கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள்.

"நான் களவா எடுக்கலயே. உங்கம்மாகிட்டக் கேட்டுத்தானே எடுத்தோம்," என்றாள், நான் வாய் திறக்கும் முன்பே.

"பாக்கத்தானே கேட்டீங்க."

"இங்க பாரு, அதுல இருக்கிறதெல்லாம் இங்கிலீஷ்காரன் வார்த்த. ஒன் வார்த்தையா?"

"வார்த்த என்னோடது இல்ல. தேடுனது நான். சரி, அந்தப் புள்ளி எல்லாம் எதுக்கு? சொல்லு."

"எந்தப் புள்ளி?"

"நீ செவப்புல போட்டியே."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து கிளாக்கர் ஐயாவின் இருமல் கேட்டது. "அப்பா இருக்காரு, அப்புறம் பேசுவம்," என்று கதவைச் சாத்தினாள்.

அன்று மாலையே உட்கார்ந்து, நேர்முகம் நடத்திய மேடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அகராதி பார்க்கவில்லை, யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், நீங்கள் விரும்பிய மூன்று எழுத்துகளைத் தாருங்கள், அவை உள்ள சொற்களை உங்கள் முன்னால் எழுதுகிறோம், பிறகு புள்ளிக்கும் வட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று எங்களிடம் கேளுங்கள் என்று எழுதினேன். குவார்ட்டர்ஸுக்குக் கொப்பியைக் கொடுத்தது அம்மாதான் என்று கீழே ஒரு வரி தமிழில் எழுதி, அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டேன். அம்மாவுக்குத் தன் பெயர் மட்டும் எழுத வரும். நான்தான் பழக்கியது.

"ஐயா வூட்டுக்கு எதிரா நா கை வைக்க மாட்டேன்," என்றார். "நீ நாளைக்கு வேற எங்கயாச்சும் போயிருவ. நா இங்கதான் கெடக்கணும்."

பேனையை மூடி வைத்தேன். அம்மாவின் வரியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, கடிதத்தை மறுபடி முழுவதும் எழுதினேன்.

மறுநாள் அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு மண்ணிற அட்டையைக் கழற்றினேன். பசை ஒட்டிய இடங்களில் பழைய அட்டையும் கொஞ்சம் உரிந்து வந்தது. ஏழரை பஸ்ஸில் கொடகவெலைக்குப் போய், கண்ட இடங்களும் புள்ளிகளும் தெளிவாகத் தெரிகிற பன்னிரண்டு பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். கடிதத்தின் கீழே என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்து, அந்தப் பக்கங்களோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் போட்டேன்.