ஆறாம் வகுப்புக்கு ‘மஸ்ட்’ சொல்லிக்கொடுத்தது

திருத்தங்கல் பக்கம் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் ஆங்கிலம் எடுத்தேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். பள்ளியின் தாளாளருக்குச் சொந்தமாக ஒரு பட்டாசுக் கம்பெனியும் இருந்தது. இரண்டுக்கும் அவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான்: பெட்டியின் மேல் ஒட்டும் படம் பளபளவென்று இருக்க வேண்டும்.

அவருக்குத் தெரிந்த ஆங்கில இலக்கணம், அனுமதி கேட்கும்போது ‘கேன்’ சொல்லக் கூடாது, ‘மே’ சொல்ல வேண்டும் என்பது மட்டுமே. வராந்தாவில் அவர் போகும்போது ஒரு பிள்ளை “கேன் ஐ டிரிங்க் வாட்டர், மிஸ்” என்று கேட்டுவிட்டால் வகுப்புக்குள் நுழைந்துவிடுவார்.

“குடிக்க முடியுமான்னுல்ல கேக்குற. வாய் இருக்குல்ல, முடியும். குடிக்கலாமான்னு கேளு.”

பிள்ளை ‘மே’ சொல்லும்வரை தண்ணீர் கிடையாது. இதே மனிதர் வடக்கத்தி வியாபாரியிடம் போனில் “கேன் ஐ சென்ட் லோடு, சார்” என்று குழைந்ததை அலுவலகத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் ஆண்டுவிழாவில், ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்ற துணைவினைகளை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் மேடையில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். பாடப்புத்தகத்தில் பல் துலக்குவதும் பெரியவர்களை மதிப்பதும்தான் இருந்தன. எனக்கே அலுத்துவிட்டது. ‘மஸ்ட்’ என்றால் செய்தே ஆக வேண்டும். ‘ஷுட்’ என்றால் செய்வது நல்லது, செய்யாவிட்டால் யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். இப்படி விளக்கிவிட்டு, வீட்டில் நடப்பதை வைத்து எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் பெரும்பாலான நோட்டுகளில் பல்தான் துலக்கியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் வேறு எழுதியிருந்தாள். அவள் அம்மாவுக்கு அச்சங்குளத்தில் மருந்து அடைக்கிற வேலை, நம் தாளாளரின் பட்டாசுக் கம்பெனியில்தான். வெடித்தால் உயிர்ச்சேதம் குறையட்டும் என்று, ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்பது அங்கே சட்டம். அவள் எழுதிய ஆங்கிலத்துக்கு அர்த்தம் இது: ‘என் அம்மா வேலை செய்யும் அறையில் நாலு பேர்தான் இருக்க வேண்டும். சீசனில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்.’ முதல் வரியில் ‘மஸ்ட்’ போட்டு, அடித்து, ‘ஷுட்’ போட்டு, அதையும் அடித்து, மறுபடி ‘மஸ்ட்’ போட்டிருந்தாள்.

“எதுக்கு இத்தன அடி?” என்று கேட்டேன்.

“செவுத்துல நாலு பேருன்னு எழுதிருக்காம் மிஸ். அதான் மஸ்ட் போட்டேன். ஆனா மீறுனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகளாம். அப்ப ஷுட்டுதான?”

பயிற்சி வகுப்புகளில் புரொஜெக்டர் வைத்துப் பாடம் எடுத்த எந்த நிபுணரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. மஸ்ட்தான் சரி என்றேன்.

ஒத்திகையில் அவள் சொன்னதைத் தாளாளர் கேட்டார். கோபப்படவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், அந்தப் பிள்ள வாக்கியம் இலக்கணப்படி தப்பு.”

“எங்கன தப்பு சார்?”

“அதக் கண்டுபிடிக்கத்தான ஒங்கள வச்சிருக்கு.”

கண்டுபிடிக்கும் வேலையைக்கூட நான் செய்யவில்லை. வகுப்புக்குப் போய்ச் சிவப்புப் பேனாவால் இரண்டு வரியையும் அடித்தேன். பதிலுக்கு, நாம் பால் குடிக்க வேண்டும் என்று ‘ஷுட்’ வைத்து ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தாளாளரை இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் அந்தப் பேனாவை நான் சௌகரியமாக மறந்துவிடுவேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் அம்மா வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். விரல் இடுக்கில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

“எம் மக எளுதுனதுல தப்புன்னு அடிச்சீகளாம். என்ன தப்புன்னு சொல்லுங்க டீச்சர், திருத்திக்கிடுவா.”

“தப்பெல்லாம் இல்லக்கா.”

“இல்லேன்னா எதுக்கு அடிச்சீக?”

“சார் சொன்னாங்க.”

அவர் குரலில் கேலி இல்லை. “ஒங்களுக்கும் அவுகதான மொதலாளி” என்றார். பிறகு, “அந்தத் தாளக் கிளிச்சிராதீக. அவ வச்சிருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

ஆண்டுவிழாவில் அந்தப் பெண் பால் வாக்கியத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். முதலில் கை தட்டியது தாளாளர். சிறப்பு விருந்தினர், கிராமத்துப் பிள்ளைகள் இம்புட்டு அழகாக இங்கிலீஷ் பேசுவதைப் பார்த்துப் புல்லரிப்பதாகச் சொன்னார். மூன்றாம் வரிசையில் இருந்த அவள் அம்மா கை தட்டவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கினேன். அடித்திருந்த வரிகளின் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பெரிய தைரியம் செய்துவிட்டதாக நினைப்பு. அவள் அதை உற்றுப் பார்த்தாள்.

“அடிச்சும் இருக்கு, டிக்கும் இருக்கு. பாக்குறவுகளுக்கு எது சரின்னு எப்பிடித் தெரியும் மிஸ்?”

வேறு பக்கம் எடுத்து, அந்த இரண்டு வரியையும் மறுபடி எழுதச் சொன்னேன். எழுதினாள். இந்தத் தடவை ‘மஸ்ட்’டில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.