நான்கு முறை போட்ட டிரைவர்

கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று உறவுக்காரர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன்... அனுபவிக்கிறேன்.

போன வாரம் ஆயுத பூஜைக்கு உசிலம்பட்டிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை கணவர் அங்கே பால் சொசைட்டியில் செயலாளர். மறுநாள் விடிந்தும் விடியாமலும் உலுக்கி எழுப்பினார். “மச்சான், தராசு எடை கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. செத்த வாங்க.”

போனேன். எலக்ட்ரானிக் தராசிலிருந்து ஒரு வயர், கம்ப்யூட்டரின் முதுகிலுள்ள சீரியல் போர்ட்டுக்குப் போகிறது. பாலை வைத்தால் எடை தானாகத் திரையில் விழ வேண்டும். விழவில்லை. வெளியே கேனும் தூக்குமாக நீள வரிசை. முதல் ஆள் பேச்சியம்மாள்.

“தராசுலதான் எடை தெரியுதுல்லண்ணே... நோட்டுல எழுதிக்கங்களேன்” என்றார்.

“கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமப் பாலெடுத்தா மேல கேள்வி கேப்பாக” என்றார் மாப்பிள்ளை.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அஞ்சே நிமிஷம்! போர்ட்டுக்கான டிரைவர் புரோகிராம் கெட்டிருக்கும். திரும்பப் போட்டாச் சரியாயிரும்” என்றேன்.

சிடியைப் போட்டேன். நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... ஃபினிஷ். ரீஸ்டார்ட். எடை வரவில்லை. பழையதைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். பாதியில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து... ஃப்ளாப்பி ஒன்றில் புது டிரைவர் இருந்தது. அப்டேட். ரீஸ்டார்ட். திரையில் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்தே பாதி ஆயுள் போய்விடும் போலிருக்கிறது — உங்களுக்கு அப்படித் தோன்றியதில்லையா? வெயில் ஏறிவிட்டது. நான்காவது முறையாக ‘அஞ்சு நிமிஷம்’ என்றபோது யாரும் தலை நிமிரக்கூட இல்லை.

பேச்சியம்மாள் பொறுமையிழந்து மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “ஏண்ணே, வயர் சொருவுற எடத்துல என்ன இம்புட்டுச் சந்தனம் அப்பிக் கெடக்கு?”

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாள் பூஜைக்கு வயரைப் பிடுங்கி, துடைத்து, பொட்டு வைத்து, ஈரம் காயுமுன் திரும்பச் சொருகியும் விட்டிருக்கிறார். “எடை வர்ற வழியே அதான மச்சான்... அதான் அங்கயும் ஒண்ணு வச்சேன்.”

வயரைக் கழற்றினேன். ஒன்பது பின்னிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பேச்சியம்மாள் தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சுரண்டிவிட்டுச் சொருகினேன். எடை வந்தது!

பேச்சியம்மாள் கேனை நீட்டினார். மாப்பிள்ளை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நாலு மணிக்கே கறந்த பால். புளித்துவிட்டது. எடுக்க முடியாது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்சம் தெரிந்தவனுக்கு எல்லாக் கோளாறும் திரைக்குள்ளேதான் இருக்கிறது. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்க்க எத்தனை வினாடி ஆகியிருக்கும்?

“தப்பு என்னோடதும்மா. நீங்க சொன்னப்பவே நோட்டுல எழுதியிருக்கணும்” என்றேன்.

அவர் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“அந்த ஊக்கக் குடுங்கண்ணே... நான் வாரேன்.”